தங்கவயலுக்குப் போகும் வழி



விடுமுறை நெருங்கும்போது பட்டணத்தில் குடியேறி வாழும் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதே அது. ஊட்டி என்பார் ஒருவர். கொடைக்கானல் என்பார் இன்னொருவர். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளோ அதற்கும் மேலாக ஆசைப்படுவார்கள்.

அப்படிப்பட்ட படங்களை எங்கள் வீட்டிலும் ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு அருகே பரோசா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மேடும் பள்ளமுமாகச் செல்லும் சாலை. இருபுறமும் வரிசை வரிசையாகத் திராட்சைத் தோட்டங்கள். வழியெங்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் விற்கும் பண்ணைகள். ஜனங்கள் சனிக்கிழமை காலையில் காரில் புறப்பட்டு, ஆங்காங்கே நின்று உண்டு, மறுநாள் மாலையில் வீடு திரும்புவார்களாம். "நமக்கு இப்படி ஓர் இடம் இல்லையே!" என்று என் மகன் பெருமூச்சு விட்டான்.

அந்தப் பள்ளத்தாக்கின் கதையை அறிந்தால் பெருமூச்சு விடத் தோன்றாது. 1842ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேறியவர்களில் பலர், தங்கள் விசுவாசத்தினிமித்தம் பிரஷ்ய தேசத்தை விட்டுக் கப்பலேறிய ஏழை லுத்தரன் சபையார். அவர்கள் நட்ட செடியும் சுட்ட ரொட்டியும்தான் இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளின் படங்களில் இருப்பவை. பக்கத்திலேயே கபுண்டா என்ற ஊரில் 1844இல் செம்புச் சுரங்கம் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர் அங்கே வந்தார்கள். அதே கார்ன்வால் நாட்டார் பிற்பாடு கடல் கடந்து வந்து இறங்கிய இன்னோர் இடமும் உண்டு. அது எது தெரியுமா? பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயல்!

அந்நியராய் வந்தவர்கள் பிரயாசப்பட்டு உண்டாக்கிய ஊரைப் பார்க்க நாம் ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரே அப்படி வந்தவர்கள்தானே? ஆகவே நாங்கள் குடும்பமாக இரண்டு நாள் பிரயாணமாகப் புறப்பட்டோம். அந்த வழியை உங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முன் இருக்கையில் யார்?

முதலாவது ஒரு காரியம். இந்தப் பிரயாணத்தில் முன் இருக்கையை உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கொடுங்கள். எங்கள் காரில் அங்கே அமர்ந்தவர் என் தகப்பனார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின் பெங்களூருக்கு வந்து, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலராக வேலை செய்து எங்களைக் கரையேற்றியவர். அதற்குப் பிறகு அவர் தங்கவயலுக்குத் திரும்பவே இல்லை. உறவினர் திருமணங்களுக்கு என் தாயாரை மட்டும் அனுப்பி வைப்பார். காரணம் கேட்டால், "அங்கே என்ன இருக்கிறது?" என்று பேச்சை முடித்துவிடுவார். இம்முறை பேரனும் பேத்தியும் வற்புறுத்தியதால் மறுக்க முடியாமல் வந்தார்.

மொத்த வழி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கிருஷ்ணராஜபுரம், ஓசகோட்டை, நரசாபுரம் வழியாகக் கோலார். அங்கிருந்து சீனிவாசபுரம், முளபாகல், பேத்தமங்கலம், தங்கவயல். மறுநாள் பங்காருபேட்டை, மாலூர் வழியாகத் திரும்பலாம். சென்னை விரைவுச் சாலையில் சென்றால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது உண்மையே. ஆனால் விரைவுச் சாலையில் தக்காளிக்காரர் உட்கார்ந்திருப்பதில்லை. ஆகையால் பழைய சாலையிலேயே செல்லுங்கள்.

நாம் அனுப்பிய தண்ணீர்

ஓசகோட்டையைத் தாண்டியவுடன் நிலம் திறக்கிறது. உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள், செம்மண், யூக்கலிப்டஸ் தோப்புகள், கேழ்வரகுக் கொல்லைகள். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. முன்னோர் வெட்டிய ஆயிரக்கணக்கான ஏரிகளே இந்தச் சீமையைக் காப்பாற்றின. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் தண்ணீர் கிடைக்காத காலம் வந்தது. ஏரிகளோ புல் முளைத்துக் கிடந்தன.

நரசாபுரத்துப் பக்கம் இப்போது நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, பெரிய குழாய்கள் வழியாக இந்த ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று அதற்குப் பெயர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் தண்ணீரை அனுப்பி 126 ஏரிகளை நிரப்புவது திட்டத்தின் நோக்கம். நிலத்தடி நீர் உயர்ந்தது என்று மகிழும் விவசாயிகளும் உண்டு. சுத்திகரிப்பு போதாது, இன்னும் ஒரு படி வேண்டும் என்று வழக்காடியவர்களும் உண்டு.

நிரம்பிய ஏரியைக் கண்ட என் தகப்பனார், "இது நம்ம வீட்டுக் குளியலறைத் தண்ணியா?" என்று கேட்டுச் சிரித்தார். அதில் பொருள் இருக்கிறது. பட்டணத்தில் நாம் உண்ணும் காய்கறியில் ஒரு பங்கு இந்த மண்ணிலிருந்து வருகிறது. நாம் ஊற்றிவிடும் தண்ணீர் இந்த மண்ணுக்குத் திரும்புகிறது. வீட்டில் எதைச் சாக்கடையில் கொட்டுகிறோம் என்பதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியவர்கள் நாமே.

பெட்டிக்குள் ஒரு விவசாயியின் பாடு

கோலார் நகரத்தின் தக்காளிச் சந்தை ஆசியாவிலேயே பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. காலையிலேயே போய்ச் சேருங்கள். பதினைந்து கிலோ பிடிக்கும் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டு, தெருத் தெருவாக நிற்கும். ஏலம் கூறுகிறவர் பெட்டிக்குப் பெட்டி தாவிச் செல்வார். லாரிகள் வட மாநிலங்கள் வரைக்கும் செல்லக் காத்திருக்கும்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கே ஒரு பெட்டி 2000 ரூபாயைத் தாண்டி விற்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நாம் கடையில் முணுமுணுத்தோம். ஆனால் பறிகூலிகூடக் கிடைக்காமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிச் சென்ற ஆண்டுகளும் உண்டு. அப்போது நம்மில் எத்தனை பேர் முணுமுணுத்தோம்? என் மகள் ஒரு பெட்டியின் அருகே நின்று, "இதை வளர்க்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் என்றார் அங்கிருந்த பெரியவர். ஏலம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கோலாரிலிருந்து வடக்கே திரும்பினால் சீனிவாசபுரம். மே மாதம் முதல் ஜூலை வரைக்கும் இந்தச் சாலையே மணக்கும். பாதாமி, ரசபூரி, மல்லிகா, நீலம் என்று வகை வகையான மாம்பழங்கள். மிகுதியாக விளைவது தோத்தாபுரி. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லுவோமே, அதுதான். அதில் பெரும்பகுதி சித்தூர்ப் பக்கத்துப் பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தோப்பு வாசலில் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். காயாக ஒன்றிரண்டு வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, மரத்தடியில் நின்று உண்ணும் சுகம் எந்த ஓட்டலிலும் இல்லை.

திராட்சையைக் குறித்து ஒரு வார்த்தை

இந்த வட்டாரத்துக்குத் திராட்சையும் உண்டு. கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் ஊரக மாவட்டங்களில் விளையும் கருநீலத் திராட்சை 'பெங்களூர் புளூ' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடித்து, புளிப்பும் இனிப்புமாய், உடைத்தவுடன் மணம் வீசும் பழம். நந்தி மலையடிவாரத்தில் 1980களின் இறுதியில் பிரெஞ்சு வகைத் திராட்சைகளை நட்டு மதுரசம் தயாரிக்கத் தொடங்கினார்கள். பட்டணத்திலிருந்து இப்போது அங்கே சுவைத்துப் பார்க்கும் சுற்றுலாக்கள் நடக்கின்றன.

அந்தக் கோப்பை நமக்கு வேண்டாம் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் அதைச் சும்மா ஒரு சட்டமாகப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளில் சம்பள நாளன்று சாராயக் கடை வாசலில் தகப்பனுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளில் என் தகப்பனாரும் ஒருவர். பூமிக்கடியில் உடம்பை உருக்கிச் சம்பாதித்த கூலி, வீடு வந்து சேருமுன் பாதியாகிவிடும். 2007ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டபோது, அதற்காகப் போராடிய ஏழைப் பெண்கள் கண்ணீர் விட்டதன் காரணம் அவருக்கு நன்கு தெரியும். காரில் அவர் இதைச் சொன்னபோது பிள்ளைகள் மறுகேள்வி கேட்கவில்லை. நாங்கள் இரண்டு கிலோ திராட்சை வாங்கி, கழுவி, பங்கிட்டுத் தின்றோம். பழத்தின் மேல் நமக்கென்ன வழக்கு?

தோசையும் பாலாறும்

முளபாகலைக் காணாமல் தாண்ட முடியாது. தோசையின் வாசனையே நிறுத்திவிடும். முளபாகல் தோசை அளவில் சிறியது, தடித்தது, பஞ்சுபோன்றது. அடிப்பாகம் பொன்னிறமாய் மொறுமொறுவென்றும், உள்ளே மென்மையாகவும் இருக்கும். நெய்விட்டுச் சுட்டு, காரச் சட்டினி தடவி, உருளைக்கிழங்குப் பல்லியத்தோடு தருவார்கள். குளிர்காலத்தில் வந்தால் மதிய உணவுக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்ச் சாறும் தேடிச் சாப்பிடுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தச் சீமையெங்கும் அவரையின் மணம்தான்.

அங்கிருந்து தெற்கே வந்தால் பேத்தமங்கலம் ஏரி. இங்கே காரை நிறுத்திக் கரையில் சற்று நில்லுங்கள். இது பாலாற்றின் தண்ணீர். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கோலார்ச் சீமையில் ஏரி ஏரியாக நிறைந்து வழிந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலுக்குப் போகும் நதி. இங்கே அணையிட்டு எடுத்த தண்ணீர்தான் தங்கவயலின் குழாய்களில் ஓடியது.

தங்கவயலுக்கு வேலை தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களின் தமிழ் ஏழைகள். அநேகர் நிலமில்லாதவர்கள், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். அவர்கள் ஊர்ப் பாலாறு மணலாகக் கிடந்தது. அந்த மணல் வழியின் மேல்முனைக்கே அவர்கள் ஏறி வந்தார்கள். "எங்க தாத்தா ஆம்பூர்ப் பக்கம். இந்தத் தண்ணி வந்திருந்தா அவர் அங்கேயே இருந்திருப்பார்" என்றார் என் தகப்பனார். அன்றைக்கு அவர் தானாக வாய் திறந்து பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான்.

வயல் என்று பெயர், விளைந்தது பாறைக்குள்

தங்கவயலில் நுழைகையில் முதலில் கண்ணில் படுபவை சாம்பல் நிறக் குன்றுகள். தட்டையான தலை, மழை அரித்த பள்ளங்கள், ஒரு மரமும் இல்லை. என் மகன் துள்ளி எழுந்து, "இங்கேதான் அந்தப் படம் எடுத்தார்களா? கதாநாயகன் எங்கே சண்டை போட்டான்?" என்று கேட்டான். 2018இல் வெளிவந்த திரைப்படத்தைப் பற்றிப் பள்ளித் தோழர்கள் சொல்லக் கேட்டிருந்தான். என் தகப்பனாரின் முகம் மாறிற்று. "அது மலை இல்லை. நாங்க அரைச்ச கல்லு" என்றார்.

ஆம், பிரியமானவர்களே. பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் அது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளின் மேல் படியும். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது; கடைசி நாட்களில் மூன்று நான்கு கிராம்தான். ஒரு மோதிரத்துக்கு ஒரு டன் கல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குன்றுகளை மறுபடியும் அலசித் தங்கம் எடுக்கும் யோசனைக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

சுருக்கமாக வரலாற்றைச் சொல்கிறேன். 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ஆங்கில அதிகாரி, ஊர்காம், மாரிக்குப்பம் பகுதி மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு ஆராய்ந்தார். 1870களில் லவேல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தோண்ட உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் சுரங்கம் வளர்ந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்தது. 1962இல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 120 ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன்.

ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் திடலும் இருந்தன. குளிர்ந்த காற்றினிமித்தம் 'லிட்டில் இங்கிலாந்து' என்று அழைத்தார்கள். நம்மவர்கள் வாழ்ந்தது மூங்கில் தட்டி வீடுகளில். பிற்பாடு ஒற்றை அறை லைன் வீடுகளில். தொழிலாளரைக் குற்றவாளிகளைப்போல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய முயன்றபோது, 1930இல் அவர்கள் ஒருமனப்பட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கீழே மூன்று கிலோமீட்டர்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை இயந்திரங்களால் கீழே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். மேலே உள்ள பாறையின் பாரமெல்லாம் குடைந்த வெற்றிடத்தின் மேல் அழுத்தும்போது, சுவர்ப் பாறை திடீரென்று குண்டுபோல் வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்று அதற்கு இங்கே பெயர். மேலே ஊரே குலுங்கும். வீட்டில் பாத்திரம் ஆடினால் பெண்கள் அடுப்பை விட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். வெடிப்பில் மாண்டவர்கள் ஒருபுறம். கல்தூளைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் நோயால் மெல்ல மெல்ல இளைத்து மாண்டவர்கள் மறுபுறம்.

இதே சுரங்கத்தில் ஓர் ஆச்சரியமும் நடந்தது. மேலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடுவதால், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை 1965ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இங்கே கண்டறிந்தார்கள். டாடா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அவர்களின் கருவிகள் கீழே இறங்கியதும், நம்மவர்கள் தோண்டிய அந்தக் குழிகளின் வழியாகத்தான்.

யோபின் புத்தகம் 28ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஜனநடமாட்டமற்ற ஆழங்களில் பொன்னைத் தேடும் சுரங்கத் தொழிலாளியைக் குறித்து அங்கே சொல்லியிருக்கிறது. நான் பலமுறை அதைக் கடந்து சென்றிருக்கிறேன். அதில் என் தகப்பன் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

சங்கு ஊதும் நேரம்

வேலியடைத்த சுரங்க வாசலுக்கு வெளியே நாங்கள் நின்றபோது பிற்பகல் இரண்டு மணி ஆகிக்கொண்டிருந்தது. உயரமான இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நின்றது. கூண்டை இறக்கி ஏற்றிய சக்கரம் அசையவில்லை. என் தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன தாத்தா?" என்றான் பேரன்.

"சங்கு ஊதுற நேரம்டா."

ஷிப்டு மாறும்போது ஊதும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஊரே எழுந்தது, சமைத்தது, பள்ளிக்குப் போனது. "மூடின மறுநாள் படுக்கையிலேயே காத்துக் கிடந்தேன். ஊதவே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமத்தான் ஊரை விட்டேன்" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லாதிருந்த காரணம் அதுதான்.

பிறகு அவர் பேசினார். மாலை வரைக்கும் பேசினார். சாப்பாட்டுத் தூக்கில் களி உருண்டையும் மோரும் கொண்டு இறங்கியதை, வியர்வையால் உடம்பில் உப்பு பூத்ததை, மேலே வந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பதை, ஒரே கூண்டில் இறங்கித் திரும்பி வராத நண்பர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நினைத்ததை. காலையில் வழியெங்கும் நாங்கள் அழகென்று பார்த்த கேழ்வரகுக் கொல்லைதான் அவருடைய தூக்கில் இருந்திருக்கிறது. பேரன் பிறகு அந்தத் திரைப்படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இங்கே போகிறவர்களுக்குச் சில எச்சரிப்புகள். வேலியைத் தாண்டாதீர்கள், பழைய குழிகளில் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, ஓரத்து மண் சரியும். சாம்பல் குன்றுகளில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். காற்று நாட்களில் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். லைன் வீடுகளில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். காட்சிப்பொருளைப் படமெடுப்பதுபோல் எடுக்காமல், முதலில் வணக்கம் சொல்லுங்கள். தமிழில் பேசினால் தேநீர் தராமல் அனுப்பமாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றி வாருங்கள்; நம் ஊர்க் கடைவீதிக்குள் நுழைந்ததுபோல் இருக்கும்.

மறுநாள் அதிகாலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். 1894இல் தங்கத்துக்காகப் போட்ட கிளைப்பாதை அது. இப்போது ஆட்களைச் சுமக்கிறது. ஆயிரக்கணக்கானோர் இருட்டோடு எழுந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். உங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்கிறவர், கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவர், கணினி முன் அமர்ந்திருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து வந்தவர் சற்றுக் கண்ணயர்ந்தால் கடிந்துகொள்ளாதீர்கள்.

திரும்பும் வழி

பங்காருபேட்டையில் பானிபூரி பெயர் பெற்றது. அங்கே ஊற்றும் புளிரசம் பச்சையாகவோ பழுப்பாகவோ இராமல் தெளிந்த தண்ணீரைப்போல் இருக்கும்; வாயில் போட்டபின்தான் காரம் தெரியும். என் மகள் ஏமாந்து கண்ணீர் விட்டதைக் கண்டு தாத்தா வெகுநேரம் சிரித்தார். மாலூர்ப் பக்கம் வந்தால் ஓட்டுச் சூளைகளும் பூந்தோட்டங்களும். மாலைக்குள் பெங்களூர் வந்து சேர்ந்துவிடலாம்.

பிரியமானவர்களே, கார்ன்வாலின் பழைய சுரங்க நிலங்களை 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகிறார்கள். அங்கிருந்து வந்தவர்கள் மேற்பார்த்த நம் தங்கவயலிலோ, கீழே இறங்கியவர்களின் கதை அவர்கள் வாயில் மட்டுமே இருக்கிறது. கடைசி ஷிப்டில் இறங்கியவர்களில் இளையவர்கள்கூட இன்று முதுமையை எட்டுகிறார்கள். கல்தூள் படிந்த நுரையீரல் அதிக ஆண்டுகள் தருவதில்லை. அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் குடும்பம் வந்த வழி தங்கவயலாக இல்லாமல் இருக்கலாம். ஒரு தேயிலைத் தோட்டமாகவோ, தோல் பதனிடும் ஊராகவோ, வறண்டுபோன ஓர் ஏரிக்கரையாகவோ இருக்கலாம். எதுவானாலும், அந்தச் சாலையில் ஒருமுறை மெதுவாகக் காரை ஓட்டிச் செல்லுங்கள். அந்த நிலத்தில் விளைந்ததை நின்று வாங்கி உண்ணுங்கள். பெரியவர் பேசும்போது பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய இரவில் என் தகப்பனார் ஒரு மாம்பழத்தை நறுக்கி எல்லாருக்கும் பங்கிட்டார். பின் என் மனைவியைப் பார்த்து, "அவரைக்காய்க் காலத்துல இன்னொரு தரம் போலாம்மா" என்றார்.

நாங்கள் டிசம்பருக்குத் தேதி குறித்துவிட்டோம். நீங்கள் எப்போது புறப்படுகிறீர்கள்?